தார் போட்ட முற்றம், மரம் நின்ற முற்றம்: சிகாகோ ராபர்ட் டெய்லர் குடியிருப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வீடு கட்டுவதற்காக என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "வாசல்ல மண்ணே தெரியக் கூடாது சார். சுத்தி முழுக்க சிமென்ட் தளம் போட்டுடுங்க." ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். தூசி உள்ளே வருகிறது, மழை பெய்தால் சேறு, சருகு கூட்ட ஆள் கிடைப்பதில்லை, பூச்சி பொட்டு வரும். ஒவ்வொன்றும் உண்மையான தொல்லைதான். வயதான அப்பா சேற்றில் வழுக்கி விழுந்துவிடுவார் என்று பயப்படுகிறவரிடம் என்ன மறுத்துப் பேச முடியும்?

அப்போதெல்லாம் எனக்குச் சிகாகோ நகரில் இருந்த ஒரு குடியிருப்பு நினைவுக்கு வரும். கிட்டத்தட்ட இதே காரணங்களுக்காக, தூசியைக் குறைக்கவும் பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்தவும், அங்கே புல்தரையைத் தளம் போட்டு மூடினார்கள். இப்படி மூடுவதால் அங்கே வாழ்கிறவர்களின் மனத்துக்கு என்ன ஆகிறது என்பது வழக்கமாக யாருக்கும் தெரியாமலே போய்விடும். சிகாகோவில் மட்டும் அதை அளந்து பார்க்க ஒரு வாய்ப்பு அமைந்தது. வீட்டுக்கும் மனநிலைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சுவர் வண்ணம், விளக்கு, வாஸ்து என்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. என்னைக் கேட்டால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த நிகழ்வைத்தான்.

ஸ்டேட் தெருவின் கோபுரங்கள்

ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று அதற்குப் பெயர். சிகாகோவின் தெற்குப் பகுதியில், ஸ்டேட் தெருவை ஒட்டி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு 28 கட்டடங்கள். ஒவ்வொன்றும் 16 மாடி. 1962-ல் கட்டி முடித்தபோது மொத்தம் 4,300-க்கும் மேற்பட்ட வீடுகள். 11,000 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் ஒரு கட்டத்தில் 27,000 பேர் வரை வாழ்ந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க டான் ரயன் விரைவுச்சாலையின் இரைச்சல். குடியிருந்தவர்கள் அநேகமாக எல்லோருமே ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள். அதிலும் குழந்தைகள்தான் அதிகம்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ராபர்ட் டெய்லர் சிகாகோ வீட்டுவசதி ஆணையத்தின் முதல் கறுப்பினத் தலைவர். அரசு கட்டும் வீடுகள் நகரம் முழுக்கப் பரவி, எல்லா இனத்தாரும் கலந்து வாழும்படி இருக்க வேண்டும் என்று விரும்பியவர். அதற்கான இடங்களுக்கு நகரமன்றம் ஒப்புதல் தர மறுத்ததும் 1950-ல் பதவியை விட்டு விலகினார். 1957-ல் இறந்துபோனார். ஓர் இனத்தாரை மட்டும் ஒரே இடத்தில் குவித்து வைத்த இந்தத் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கிற இடம் இது.

கட்டடங்களை இப்படி உயர்த்தியதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணமும் இருந்தது. நமக்குச் சண்டிகர் நகரத்தை வடிவமைத்துக் கொடுத்த லெ கார்பூசியே 1920-களிலேயே முன்வைத்த யோசனை அது. மக்களைக் குறுகலான சந்துகளில் நெருக்காமல் உயரமான கட்டடங்களில் குடியேற்றினால் தரை முழுக்க மிச்சமாகும், அதைப் பூங்காவாக்கலாம், எல்லா ஜன்னலுக்கும் வெயிலும் காற்றும் பச்சையும் கிடைக்கும். ராபர்ட் டெய்லர் குடியிருப்பிலும் கட்டடங்கள் பிடித்த இடம் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் திறந்தவெளி. கட்டிய புதிதில் அங்கே புல்லும் இருந்தது, மரங்களும் இருந்தன. தரையில் ஒரு முற்றம், ஒரு திண்ணை என்று வாழ வேண்டிய குடும்பத்தைப் பத்தாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, அதற்கு ஈடாகக் கொடுத்தது அந்தப் பசுமைதான். இதை மறக்காமல் மேலே படிக்க வேண்டும்.

அப்புறம் நடந்தது நமக்கும் பழக்கமான கதை. பணம் வரவில்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. லிஃப்ட் நிற்பது அன்றாடச் செய்தி ஆனது. வீடுகளுக்கு முன்னால் இருந்த திறந்த தாழ்வாரங்களில் இருந்து யாரும் விழுந்துவிடக் கூடாது என்று தரையில் இருந்து கூரை வரை கம்பிவலை அடித்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் கூண்டு போலத் தெரிந்தது. போதைப்பொருள் விற்ற கும்பல்கள் மாடிப்படிகளைப் பிடித்துக்கொண்டன. அந்த வரிசையில்தான் புல்தரையும் போனது. பச்சையாக வைத்திருக்கச் செலவாகிறது, காய்ந்தால் புழுதி பறக்கிறது என்று பல இடங்களில் தளம் போட்டு மூடினார்கள். வேருக்கு நீர் இறங்கவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. சில கட்டடங்களைச் சுற்றி மரம் ஓங்கி வளர்ந்து, குடை விரித்து, புல்லும் தப்பிப் பிழைத்தது. சிலவற்றுக்கு முன்னால் இரண்டொரு சின்ன மரம். சிலவற்றுக்கு வெளியே வெறும் தளம். ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகள், ஜன்னலுக்கு வெளியே மட்டும் வெவ்வேறு உலகம்.

யாரும் தேர்ந்தெடுக்காத ஜன்னல்

1990-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா ஷாம்பேன் வளாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் இருவரும் அவர்களுடைய குழுவினரும் இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டார்கள்.

அருமை என்னவென்றால், சாதாரணமாக மரம் சூழ்ந்த தெருவில் வாழ்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று ஒருவர் கண்டுபிடித்தால், அதை நம்புவதற்குத் தயக்கம் வரும். மரம் சூழ்ந்த தெருவில் வீடு வாங்குகிறவரிடம் பணம் இருக்கும். பணம் இருந்தால் நல்ல மருத்துவரும், நல்ல பள்ளிக்கூடமும், கடன் இல்லாத தூக்கமும் இருக்கும். நிம்மதி மரத்தால் வந்ததா, பணத்தால் வந்ததா? பிரித்துப் பார்க்கவே முடியாது. மன அமைதி உள்ளவர்களே தோட்டம் வைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடலாம்.

ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வீடு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த வீடு காலியாகிறதோ அது கிடைக்கும். எனக்கு மரம் தெரியும் ஜன்னல் வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்கவில்லை. மரம் நட்டதும் அங்கே வாழ்ந்தவர்கள் இல்லை, தளம் போட்டதும் அவர்கள் இல்லை. ஒரே மாதிரியான வறுமை, ஒரே மாதிரியான சமையலறை, ஒரே மாதிரி நின்றுபோகும் லிஃப்ட். ஆய்வுக்கூடத்தில் குலுக்கல் போட்டு ஆட்களைப் பிரிப்பதைப் போல வாழ்க்கையே பிரித்துக் கொடுத்திருந்தது. குழுவினர் வயது, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று பலவற்றையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

குடும்பத் தலைவிகளான 145 பெண்களிடம் பேசினார்கள். பேட்டி எடுத்தவர்கள் அதே குடியிருப்பில் வாழ்ந்த பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. வெளியாள் வந்து, "வீட்டில் சண்டை வருமா?" என்று கேட்டால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? கட்டடங்களைச் சுற்றிலும் படம் எடுத்து, எது எவ்வளவு பசுமை என்று தனி ஆட்களை வைத்து மதிப்பெண் போட்டார்கள். பேட்டி கொடுத்த பெண்களிடம் மரத்தைப் பற்றி ஆராய்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிக் கேள்வி கேட்கவில்லை. வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார்கள்.

இறைத்த கிணறு

அவர்கள் தேடியது மகிழ்ச்சியை என்று நினைத்துவிடக் கூடாது. தேடியது கவனத்தை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கேப்ளன், ரேச்சல் கேப்ளன் தம்பதி கவனத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நாமாக முயன்று ஒன்றின் மேல் நிறுத்தி வைக்கும் கவனம். கணக்குப் போடும்போது, கூட்டமான சாலையைக் கடக்கும்போது, கோபத்தில் வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கும்போது செலவாவது அது. மற்றொன்று, முயற்சி இல்லாமல் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் கவனம். இலை அசைவதை, அணில் ஓடுவதை, மழை பெய்வதைப் பார்க்கும்போது நாம் எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. முதல் வகைக் கவனம் கிணற்று நீர் மாதிரி. இறைக்க இறைக்க வற்றும், இறைப்பதை நிறுத்தினால் ஊறும். இரண்டாம் வகைக் கவனம் வேலை செய்யும் நேரத்தில் முதலாவது ஊறிக்கொள்கிறது என்பது அவர்களுடைய கருத்து.

இப்போது அந்தக் குடியிருப்பில் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசிக்கு எத்தனை டாலர் மிச்சம், எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், பெரியவன் இன்னும் ஏன் வரவில்லை, கீழே கேட்டது பட்டாசா துப்பாக்கியா, லிஃப்ட் ஓடுகிறதா, படியில் இறங்கினால் யார் நிற்பார்கள்? விடிந்ததில் இருந்து கிணறு இறைத்துக்கொண்டே இருக்கிறது. வறுமை பணத்தை மட்டும் தின்பதில்லை, இதையும் தின்கிறது. ஊறுவதற்கு எங்கே நேரம்? ஜன்னலுக்குப் போனால் அங்கேயும் தார்.

குழுவினர் வைத்த சோதனை எளிமையானது. எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். 7, 3, 9 என்றால் 9, 3, 7. எண்கள் கூடிக்கொண்டே போகும். பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தாலும், முயன்று பிடிக்கும் கவனம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இது நன்றாகவே காட்டும். பசுமை சூழ்ந்த கட்டடங்களில் வாழ்ந்த பெண்கள் வெறுந்தளம் சூழ்ந்த கட்டடங்களில் வாழ்ந்தவர்களைவிட இதில் நன்றாகச் செய்தார்கள்.

அடுத்த கேள்வி வீட்டுக்குள் நடக்கும் சண்டையைப் பற்றி. கணவனிடமோ துணையிடமோ பிள்ளைகளிடமோ கோபம் வந்தபோது என்ன செய்தீர்கள், கத்தினீர்களா, எதையாவது வீசினீர்களா, அடித்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். வெறுந்தளக் கட்டடங்களில் இருந்த பெண்கள் இத்தகைய சம்பவங்களை அதிகமாகச் சொன்னார்கள். 2001-ல் வெளியான இந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் இதற்கு அடுத்தது. கவனச் சோதனையில் எடுத்த மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, பசுமைக்கும் சண்டைக்கும் தனியாக இருந்த தொடர்பு அநேகமாகக் கரைந்துபோனது. அதாவது மரம் நேராகக் கோபத்தைத் தணிக்கவில்லை. மரம் கிணற்றை ஊற விட்டது. கிணற்றில் நீர் இருந்தவள் கையை ஓங்காமல் நிறுத்திக்கொண்டாள்.

இதைப் படித்த அன்று, பிள்ளையை அடித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுத தாய்மார்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கெல்லாம் பொறுமை இல்லை, குணம் சரியில்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் நாள் முழுக்க நின்ற இடம் எப்படி இருந்தது என்று நான் முன்பு கேட்டதே இல்லை.

குவோ தனியாக எழுதிய இன்னொரு கட்டுரை என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. உங்கள் வாழ்க்கையில் இப்போது இருக்கும் பெரிய பிரச்சினை எது என்று அந்தப் பெண்களிடம் கேட்டு, அதைப் பற்றி என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார். பசுமை அருகில் இருந்தவர்கள் அதை அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. அது தீரவே தீராது என்றும் அவ்வளவாக நினைக்கவில்லை. இரண்டு தரப்பினரின் வறுமையும் ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்கு அது இறங்கிப் பார்க்கக்கூடிய பள்ளமாகவும், மற்றவளுக்கு அடி தெரியாத பாதாளமாகவும் தெரிந்திருக்கிறது.

முற்றத்தில் இறங்கியவர்கள்

ஜன்னல் வழியே பார்ப்பதோடு இது முடியவில்லை. மரம் இருந்த இடத்துக்கு மக்கள் இறங்கி வந்தார்கள். மர நிழலில் பெரியவர்கள் நின்று பேசினார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். தார் வெளியில் அப்படி யாரும் தங்கவில்லை. இதனால் பசுமைக் கட்டடங்களில் வாழ்ந்தவர்கள் அக்கம்பக்கத்தாரை அதிகமாக அறிந்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் உதவினார்கள், இது நம் இடம் என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. 1998-ல் வெளியான ஆய்வு இது. நம் ஊர் வேப்பமரத்தடியைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதில் வியப்பில்லை.

பிள்ளைகளிடம் கிடைத்த முடிவுதான் புதிர். ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் குவோ, சல்லிவன் இருவரும் சேர்ந்து 12 கட்டடங்களைச் சேர்ந்த 169 சிறுவர் சிறுமியரைச் சோதித்தார்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அவசரத்தில் எதையும் செய்யாமல் தன்னைப் பிடித்துக்கொள்வது, பெரிய பரிசுக்காகச் சின்னப் பரிசை விட்டுக் காத்திருப்பது ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். சிறுமியரிடம் தெளிவான தொடர்பு தெரிந்தது: ஜன்னலுக்கு வெளியே இயற்கை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நன்றாக இந்த மூன்றையும் செய்தார்கள். சிறுமியருக்கு இடையே இருந்த வேறுபாட்டில் 20 சதவீதத்தை ஜன்னல் காட்சியோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. சிறுவரிடம் எதுவுமே தெரியவில்லை. சிறுவர்கள் வீட்டை விட்டுத் தொலைவில் போய் விளையாடுகிறார்கள், அதனால் வீட்டு ஜன்னல் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் இல்லையோ என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. யார் வீட்டுக்குள் அதிக நேரம் இருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் வீடு அதிகமாகச் செய்கிறது, நல்லதோ கெட்டதோ. பெண் குழந்தைகளை வெளியே விடாத ஊர்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அதே நகரில் ஐடா பி. வெல்ஸ் என்ற இன்னொரு அரசுக் குடியிருப்பு இருந்தது. அங்கே கட்டடங்கள் தாழ்வானவை. அதில் 98 கட்டடங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளின் காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பசுமை மிகுந்த கட்டடங்களில், பசுமை குறைந்தவற்றைவிடக் குற்றங்கள் 52 சதவீதம் குறைவு. வன்முறைக் குற்றங்கள் மட்டும் பார்த்தால் 56 சதவீதம் குறைவு. செடி கொடி இருந்தால் திருடன் ஒளிந்துகொள்வான் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்கள் ஆச்சரியமாக இருக்கும். அங்கே இருந்தவை பார்வையை மறைக்கும் அடர்ந்த புதர்கள் இல்லை. உயரத்தில் கிளை விரித்த மரங்களும் கீழே புல்லும். ஆட்கள் நடமாடும் இடத்தில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் குற்றம் செய்வது கஷ்டம்.

மருத்துவமனை ஜன்னலும் காலி மனையும்

சிகாகோவுக்கு முன்பே ஜன்னலின் வலிமையைக் காட்டிய ஒருவர் உண்டு. ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனையில், 1972-ல் இருந்து 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளைப் புரட்டினார். ஒரே தாழ்வாரத்தில் சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும், சிலவற்றில் பழுப்பு நிறச் செங்கல் சுவர்தான் தெரியும். வயது, பாலினம் போன்றவை ஒத்துப்போகும்படி 23 இணைகளாக 46 நோயாளிகளை ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வலிக்கான கடும் மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மரத்தில் இலை இருக்கும் மே மாதத்தில் இருந்து அக்டோபர் வரையிலான பதிவுகளை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். 1984-ல் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது. அந்த நேர்த்திக்காகவே அதை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுண்டு.

சரி, சிகாகோ ஆய்வில் குறையே இல்லையா? இருக்கிறது. சண்டையைப் பற்றிச் சொன்னது அந்தப் பெண்களே. யாரும் கூட இருந்து பார்க்கவில்லை. மரம் இருந்தபோது ஒருமுறை, வெட்டிய பிறகு ஒருமுறை என்று அதே ஆட்களை இரண்டு தடவை அளக்கவும் இல்லை. அந்தக் கட்டடங்களில் மரத்தைத் தவிர நம் கண்ணுக்குத் தப்பிய வேறு வேறுபாடு எதுவும் இருந்திருக்க முடியாது என்று சத்தியம் செய்ய முடியாது.

இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது பிலடெல்பியாவில் நடந்த ஒரு சோதனை. 2018-ல் முடிவுகள் வெளியாயின. அந்த நகரில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். இரண்டாவது வகையில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். சுற்றி வாழ்ந்த 342 பேரை முன்னும் பின்னும் கேட்டதில், பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களிடையே மனச்சோர்வாக உணர்வதாகச் சொல்வது, எதுவும் செய்யாத மனைகளை ஒட்டி வாழ்ந்தவர்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் அது 68.7 சதவீதம். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. சுத்தம் மட்டும் போதாது என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1,600 டாலர். அப்புறம் ஆண்டுக்கு 180 டாலர் அளவில் பராமரிப்பு.

மரத்தால் முடியாதது

ராபர்ட் டெய்லர் குடியிருப்பை மரங்கள் காப்பாற்றவில்லை. 1990-களின் கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள். 2005 முடிவதற்குள் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. 2007-ல் கடைசிக் கட்டடமும் போனது. நல்ல முற்றத்தில் வாழ்ந்தவளும் தார் முற்றத்தில் வாழ்ந்தவளும் ஒன்றாகத்தான் மூட்டை கட்டினார்கள். ஓடாத லிஃப்டையும், வராத வேலையையும், ஓர் இனத்தையே ஓரமாக ஒதுக்கி வைத்த அரசியலையும் ஒரு மரம் சரிசெய்துவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழைகளின் குடியிருப்பில் நாலு கன்று நட்டு, படம் எடுத்து, கடமை முடிந்தது என்று போகிறவர்கள் இந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊரிலும் இதே வகை வீடுகள் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. குலுக்கலில் வீடு எடுக்கும் பெண் அங்கேயும் தன் ஜன்னலைத் தேர்ந்தெடுப்பதில்லை. கூவம் கரையில் இருந்தோ அடையாற்றங்கரையில் இருந்தோ பெயர்ந்து வந்தவளின் கிணறு, வேலைக்குப் போகும் தூரத்துக்கே பாதி வற்றிவிடுகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் விடும் இடைவெளியில் எது வர வேண்டும் என்று முடிவு செய்கிற பொறியாளர் அவள் வீட்டு மனநிலையில் ஒரு பங்கையும் சேர்த்தே முடிவு செய்கிறார். அந்தக் கணக்கை மதிப்பீட்டுத் தாளில் எழுத நம்மிடம் ஒரு பத்தி இல்லை. சிகாகோவிலும் இல்லை. அங்கே புல்லுக்கு ஆகும் செலவு எழுதப்பட்டது, புல் இல்லாததால் ஆகும் செலவு எழுதப்படவில்லை.

உயரமும் ஒரு கேள்வி. மரம் மூன்று நான்கு மாடி உயரம் வரைதான் ஜன்னலுக்குத் துணை வரும். அதற்கு மேலே போனால் அது கீழே தெரியும் பச்சைத் திட்டு. இலை அசைவதோ அணில் ஓடுவதோ தெரியாது. எட்டு மாடி, பதினாறு மாடி என்று போவதற்கு முன் இதையும் ஒரு காரணமாக வைத்து யோசிக்கலாம் என்பது என் கருத்து. நிலம் இல்லை என்று சொல்லிவிட்டால் நானும் வாயடைத்துத்தான் போவேன். அப்படியென்றால் தாழ்வாரத்தில், மாடிப்படித் திருப்பத்தில், நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்கு இடம் விட வேண்டும்.

இப்போதெல்லாம் சிமென்ட் தளம் கேட்டு வருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. "வீட்டில் யார் அதிக நேரம் இருப்பார்கள்? அவர்கள் எந்த ஜன்னல் பக்கம் அதிக நேரம் நிற்பார்கள்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் சொல்வது கூட வந்திருக்கும் அம்மாவோ மனைவியோதான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னல் என்பார்கள். சமையலறையைப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து வைத்திருக்கும் வரைபடம் என்றால், அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துத் திருப்புவேன். தளம் போடுகிற இடத்தில் அந்த ஜன்னலுக்கு நேராக மட்டும் ஆறடிக்கு ஆறடி மண் விடச் சொல்வேன்.

சென்ற மாதம் வந்த ஒரு குடும்பத்தில் மகன் யோசித்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா வரைபடத்தில் நான் போட்ட சின்னச் சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முருங்கை வேணாம் சார், கம்பளிப்பூச்சி வரும். ஒரு கொய்யா வச்சுக்கறேன். கிளி வரும்."